இறந்த பின் செய்தி அனுப்பும் கூகிள் வசதி: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

தாம் இறந்த பின்னர் பிள்ளைகளுக்கோ நண்பர்களுக்கோ தம் சொற்கள் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புவோருக்காகக் கூகிள் நிறுவனம் 2013 ஆம் ஆண்டு முதல் கட்டணம் எதுவுமின்றி ஒரு வசதியை வழங்கி வருகிறது. 'இன்அக்டிவ் அக்கவுண்ட் மனேஜர்' எனப்படும் அதனைத் திருகோணமலையில் என் வீட்டுக் கணினியில் அமைத்து, அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வேறு சில ஏற்பாடுகளையும் பார்த்த பின்னரே இதனை எழுதுகிறேன். வசதி நல்லது, ஆனால் கூகிள் காட்டும் வழியில் அப்படியே அமைத்துவிட்டு இருந்தால், எங்கள் வீடுகளின் வழக்கத்துக்கு அது பெரும்பாலும் வேலை செய்யாது என்பதே என் கணிப்பு.

அமைக்கும் வேலை கடினமானதன்று. கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று, எவ்வளவு காலம் பயன்பாடின்றிக் கிடந்தால் அதனைக் கைவிடப்பட்ட கணக்காகக் கொள்ள வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். 3, 6, 12, 18 மாதங்கள் என நான்கு தெரிவுகள் உள்ளன. தெரிந்தெடுத்த காலம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கையில், கூகிள் உங்கள் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியும் உங்கள் முகவரிக்கு மின்னஞ்சலும் அனுப்பி, ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும். பதில் ஏதும் இல்லாவிட்டால், நீங்கள் பெயர் குறித்து வைத்தவர்களுக்கு, பத்துப் பேர் வரையில், முன்பே எழுதிவைத்த மடல் போகும். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மடல் எழுதலாம். யாருக்கு எதனைத் திறந்துவிடுவது என்பதையும், அதாவது மின்னஞ்சல்களையா, புகைப்படங்களையா, கூகிளின் இணையச் சேமிப்பிடமான டிரைவில் உள்ள கோப்புகளையா என்பதையும், தனித்தனியே தீர்மானிக்கலாம். பெறுபவர் அவற்றை மூன்று மாதங்களுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அதன் பின்னர் கணக்கை முற்றாக அழித்துவிடுமாறு சொல்லிவைக்கவும் இடமுண்டு.

எதையும் செய்யாமல் விடுவதும் ஒரு தீர்மானம்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளாக யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகிள் நீக்கத் தொடங்கியிருக்கிறது. கலியாணப் படங்களையும் பேரப்பிள்ளைகளின் படங்களையும் கைத்தொலைபேசி தானாகவே மேலேற்றிக்கொண்டிருக்க, கடவுச்சொல்லைத் தலைக்குள் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் இறந்துபோனால், அந்தப் படங்களும் காலப்போக்கில் போய்விடக்கூடும். மடல் எழுத விருப்பமில்லாதவர்கள்கூட இந்த வசதியைப் பயன்படுத்துவதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

இனி, குறைக்கு வருகிறேன். இந்த ஏற்பாட்டுக்கு ஒருவர் இறந்தது தெரியாது. அவர் பேசாமல் இருப்பது மட்டுமே தெரியும். ஒருவர் இன்னும் கணக்கைப் பயன்படுத்துகிறாரா என்பதைக் கூகிள் பல அடையாளங்களைக் கொண்டு கணிக்கிறது: கடைசியாக எப்போது உள்நுழைந்தார், என்ன தேடினார், ஜிமெயில் செயலியை எப்போது திறந்தார் என்பவற்றோடு, அவருடைய ஆண்ட்ரொய்ட் கைத்தொலைபேசி கூகிளோடு தொடர்புகொண்டதையும் அது கணக்கில் எடுக்கிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ தனியே வாழ்ந்து இறந்த ஒருவரின் தொலைபேசி மின்னேற்றம் இன்றி அணைந்துவிடலாம். எங்கள் ஊரில் அப்படி நடப்பதில்லை. மரண அறிவித்தல் போகும் இலக்கம் அதுதான். வெளிநாட்டிலிருந்து துக்கம் விசாரிப்பவர்கள் எடுக்கும் இலக்கமும் அதுதான். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்குச் சொல்லவேண்டியவர்களின் இலக்கங்களும் அதற்குள்தான் இருக்கும். ஆகவே யாரோ ஒருவர் அதனை ஒழுங்காக மின்னேற்றி வைத்திருப்பார். எட்டுச் செலவு முதலான கிரியைகள் எல்லாம் முடிந்த பின்னர், அது நல்ல தொலைபேசியாக இருந்தால், வீட்டில் படிக்கிற பிள்ளையின் கைக்குப் போகும். கணக்கை நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அப்பாவின் கணக்கில் பிள்ளை காணொளி பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் அப்பா உயிரோடு இருப்பதாகவே அந்த ஏற்பாடு எண்ணிக்கொண்டிருக்கும், அவர் எழுதிய மடல் போகவே போகாது.

இதற்கு நான் கண்ட வழி, மடலுக்கென்றே புதிதாக ஒரு கூகிள் கணக்கைத் திறப்பது. அந்தக் கணக்கைக் கைத்தொலைபேசியில் சேர்க்கக் கூடாது; கணினியில் மட்டும் அவ்வப்போது நுழைந்து வெளியேற வேண்டும். அப்போது அந்தக் கணக்கில் உயிர்ப்பு என்று இருப்பது உங்கள் கையால் செய்த உள்நுழைவு மட்டுமே. முன்னறிவிப்புக் குறுஞ்செய்தி வருவதற்கு வழக்கமான இலக்கத்தையே கொடுக்கலாம். நீங்கள் இருந்தால் அதைப் பார்த்து உடனே நுழைவீர்கள். இல்லாவிட்டால் வீட்டார் பார்ப்பார்கள், ஆனால் கடவுச்சொல் இல்லாமல் அவர்களால் அதனைத் தடுக்க முடியாது.

தனிக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. மடல் எழுதும் பெட்டியில் எழுத்து மட்டும்தான் ஏறும். தமிழில் தட்டச்சு செய்தால் அப்படியே நிற்கிறது, அதில் பிழை சொல்வதற்கில்லை. ஆனால் படத்தையோ குரலையோ அதில் வைக்க முடியாது. எங்களில் பலருக்கு எழுத்தைவிடக் குரல்தான் பெரிது. தாயின் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே வாட்ஸ்அப்பில் பழைய குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். (வாட்ஸ்அப் கணக்கு 120 நாட்கள் பயன்பாடின்றி இருந்தால் பொதுவாக நீக்கப்படும், தொலைபேசியில் ஏற்கெனவே இருப்பவை செயலியை அகற்றும் வரை தப்பும்.) குரலைப் பதிந்து டிரைவில் வைத்து, அதனைப் பெறுபவருக்குத் திறந்துவிட்டால் மடலோடு குரலும் போய்ச் சேரும். வழக்கமான கணக்கில் இதைச் செய்தால், டிரைவைத் திறந்துவிடும்போது வங்கிக் கடிதம், வைத்தியப் பரிசோதனை அறிக்கை, யாருக்கோ எழுதித் தொடங்கிய கடிதம் என்று அதற்குள் உள்ள எல்லாமே போய்விடும். தனிக் கணக்கில் போக வேண்டியவை மட்டும் இருக்கும். நான் வைத்திருப்பது மிகச் சிறிய பதிவு. அதில் பின்னணியில் மின்விசிறியின் இரைச்சலும், யாரோ படலையைத் திறக்கும் சத்தமும் கேட்கிறது. திருப்பிப் பதிய வேண்டும் என்று எண்ணிப் பின்னர் விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தங்கள்தான் வீடு.

பெறுபவரின் பக்கத்திலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. கோப்புகளைத் திறந்துவிடுவதானால் அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்க வேண்டும்; அந்த இலக்கத்துக்கு வரும் குறியீட்டைக் கொண்டுதான் அவர் தம்மை உறுதிப்படுத்திப் பதிவிறக்க முடியும். இங்கிருந்து கட்டாருக்குப் போனவர் கட்டார் இலக்கத்துக்கு மாறுகிறார், அங்கிருந்து கனடாவுக்குப் போனால் மறுபடி மாறுகிறார். இங்கே விட்டுப்போன சிம் பணம் போடாமல் செத்துப்போய், அந்த இலக்கம் பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்படுவதும் நடக்கிறது. பிள்ளை இலக்கத்தை மாற்றும்போதெல்லாம் இங்கேயும் மாற்ற வேண்டும். வெறும் மடல் மட்டும் போதும் என்றால் இலக்கம் தேவைப்படாது, மின்னஞ்சல் முகவரியே போதும்.

இன்னொன்று, நீங்கள் பெயரைச் சேர்க்கும்போது கூகிள் அவருக்கு எதையும் அறிவிப்பதில்லை. இரகசியம் காக்க விரும்புவோருக்கு இது நல்லதுதான். ஆனால் இறந்துபோன தகப்பனின் பெயரில் திடீரென ஒரு மின்னஞ்சல் வந்து, இணைப்பை அழுத்தித் தொலைபேசிக் குறியீட்டைக் கொடு என்று கேட்டால், பரிசு விழுந்தது, பொதி வந்து கிடக்கிறது என்று நாளாந்தம் மோசடிச் செய்திகளைக் கண்டு பழகிய எந்தப் பிள்ளையும் அதனைத் திறக்காமலே அழித்துவிடும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எங்கள் வீடுகளில் வேலையிலேயே மிகக் கடினமான பகுதி இதுதான். நான் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது என் மனைவி, "இஞ்சாருங்கோ, விளக்கு வைக்கிற நேரத்தில உந்தக் கதை வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மறுநாட் காலையில் தேநீரோடு வந்து, தன்னுடைய பெயரையும் அதில் போட்டாயிற்றா என்று கேட்டவரும் அவரே.

எங்கள் மரபில் இருப்பவர் இறந்தவருக்குச் செய்ய வேண்டியவை எல்லாம் ஒழுங்காக வகுக்கப்பட்டுள்ளன. எட்டுச் செலவு, அந்தியேட்டி, மாசிகம், ஆட்டைத் திவசம் என்று நாள் குறித்து நடக்கும். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக உண்டாக்கினான் என்று ஐதிகம் சொல்லும் கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டி செய்வதும் இந்தப் பகுதியின் வழக்கம். இறந்தவர் இருப்பவருக்குச் செய்ய வேண்டியதற்குத்தான் நாளும் இல்லை, முறையும் இல்லை. கூகிளின் ஆகக் குறைந்த காலம் மூன்று மாதம் என்பதால், எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் உள்ளே தெரிந்திருக்க வேண்டிய எந்தச் செய்திக்கும் அது பயன்படாது. அடகில் இருக்கும் நகையின் பற்றுச்சீட்டு எங்கே, சீட்டுக் காசு யாரிடம் கட்டப்படுகிறது, காணி உறுதி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, எந்த வங்கியில் பின்னுரித்தாளியாக யாரைப் போட்டிருக்கிறது என்பவை எல்லாம் முதல் வாரத்திலேயே வேண்டும். அவற்றைத் தாளில் எழுதி, உறையில் இட்டு, நம்பிக்கையான ஒருவரின் கையில் கொடுப்பதைவிடச் சிறந்த ஏற்பாடு எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் அறிந்த நொத்தாரிசு ஒருவர் விருப்பாவணத்தோடு இப்படியான உறைகளையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். கோப்பின் நூலை அவிழ்த்து, மேலே பெயர் மட்டும் எழுதப்பட்ட, ஓரங்கள் மஞ்சளித்த உறைகளை அவர் காட்டினார். சிலவற்றுக்கு உரியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இப்போது தமக்கே தெரியாது என்றும் சொன்னார். உறையின் மேல் பெயரோடு இன்னொருவரின் தொடர்பு விபரத்தையும் எழுதிவைப்பது நல்லது.

சொத்தைப் பற்றி எதுவாயினும் கூகிள் மடலில் எழுதி அதனை விருப்பாவணமாக எண்ணிவிடக் கூடாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தின்படி, விருப்பாவணம் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும். மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட வலு அளித்த 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் விருப்பாவணத்தைத் தன் எல்லைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. வீடு தங்கச்சிக்கு என்று மடலில் எழுதினால் சட்டத்தில் அது செல்லாது. சகோதரர்களுக்கிடையே சண்டையை மூட்டுவதற்கு மட்டும் தாராளமாகச் செல்லும்.

மாற்று ஏற்பாடுகளுள் 'டெட் மான்ஸ் சுவிட்ச்' என்னும் தளத்தைப் பலரும் சொல்வார்கள். அது தானாக எதையும் கணிப்பதில்லை. கடைசியாக நீங்கள் தொடர்பில் இருந்த நாளிலிருந்து 30, 45, 52 ஆம் நாட்களில் மின்னஞ்சல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தச் சொல்லும். அழுத்தாவிட்டால் 60 ஆம் நாள் உங்கள் மடல்களை அனுப்பிவிடும். கைத்தொலைபேசியைப் பிள்ளை பயன்படுத்துவதால் வரும் சிக்கல் இதில் இல்லை, அது பெரிய நன்மை. ஆனால் இந்த ஊரில் இரண்டு மாத மௌனம் என்பது ஒன்றுமே இல்லை. கொட்பே துறைமுகத்திலிருந்து பலநாட் படகில் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. இயந்திரம் பழுதாகிக் காற்றோடு இழுபட்டுப் போனாலோ, எல்லை தாண்டியதாக வேறொரு நாட்டுக் கடற்படையிடம் பிடிபட்டாலோ மாதக்கணக்கும் ஆகலாம். அப்படியான ஒருவரின் மனைவிக்கு, அவர் எங்கோ ஒரு மறியற்சாலையில் உயிரோடு இருக்கும்போது, "நான் இல்லாத இந்த நேரத்தில்" என்று தொடங்கும் மடல் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் 12 மாதத்துக்குக் குறைவாக வைக்க வேண்டாம் என்பேன்.

அப்பிள் நிறுவனம் 2021 டிசம்பரில், ஐஓஎஸ் 15.2 உடன் கொண்டுவந்த ஏற்பாடு வேறு வகையானது. ஐபோன் வைத்திருப்பவர் ஐந்து பேர் வரை குறித்து, அவர்களுக்கு ஓர் அணுகல் திறவுகோலைக் கொடுத்து வைக்கலாம். இறந்த பின்னர் அந்தத் திறவுகோலோடு இறப்புச் சான்றிதழையும் காட்டினால், மூன்று ஆண்டுகளுக்குப் படங்களையும் குறிப்புகளையும் பார்க்கலாம். சேமித்த கடவுச்சொற்கள் அதில் அடங்கா. அது தானாக எவருக்கும் எதையும் அனுப்பாது, எனவே மடலுக்கு அது பொருத்தமில்லை. இறப்பை உறுதிசெய்த பின்னரே திறக்கும் என்பதால் மற்றவற்றைவிடப் பிழைக்கு இடம் குறைவு. எங்களுடைய சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் என்பதால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் எடுத்துவைத்தால் அலைச்சல் குறையும்.

ஆனால் சான்றிதழைக் கேட்கும் எந்த ஏற்பாடும் இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் பொதுவானதாக இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர், உடல் கிடைக்காதவர்களின் இறப்பைப் பதிவதற்காக 2005 இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. போர்க்காலத்தில் காணாமற்போனவர்களின் குடும்பங்கள் இறப்புச் சான்றிதழை வாங்க மறுத்து நின்றதும், இறந்தார் என்று கூறாமல் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 இல் சட்டத்தில் இடம் செய்யப்பட்டதும் நாம் அறிந்தவை. எவரிடமும் எந்தத் தாளையும் கேட்காமல், வெறும் மௌனத்தை மட்டும் வைத்து மடலை அனுப்பும் கூகிளின் முறை, மேலே நான் குறையாகச் சொன்ன அதே முறை, இப்படியான குடும்பங்களுக்கு மட்டும் ஒரே வழியாகிறது.

காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் சிறு நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வாடிக்கையாளர் இறக்கும் வரை நிறுவனம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அவர்களின் வியாபாரத்தின் முதல் நிபந்தனை. எனக்குத் தெரிந்த ஒருவர் சந்தா கட்டிய தளம், அவர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே மூடப்பட்டது. ஜிமெயிலில் ஒரு திகதி குறித்து மடலை முன்கூட்டியே வைத்துவிடுவோரும் உண்டு. அது நீங்கள் இருந்தாலும் போகும், இறந்தாலும் போகும்.

எதை எழுதுவது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. பதில் சொல்ல முடியாத நேரத்தில் போய்ச் சேரும் மடலில் குற்றச்சாட்டையும், இதுவரை மறைத்த குடும்ப இரகசியத்தையும் எழுதக் கூடாது. உயிரோடு இருக்கும்போது முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததைச் செத்த பிறகு சொல்வது, கல்லெறிந்துவிட்டு ஓடுவதற்கு ஒப்பானது. இடியப்பத்துக்கு என் தாயார் வைத்த சொதியின் பக்குவம், பழைய படங்களில் நிற்பவர்களின் பெயர், சிவன் கோயிலடியில் எங்கள் முதல் வீடு எந்த இடத்தில் இருந்தது என்ற விபரம், இப்படியானவற்றையே நான் எழுதினேன்.

காலத்தை ஆறு மாதமாக வைத்திருக்கிறேன். மூன்று மாதம் வைத்தால், ஒருவர் கொழும்பில் சத்திர சிகிச்சைக்குப் போய் மகள் வீட்டில் தங்கிவிட்டாலே மடல் புறப்பட்டுவிடும். பன்னிரண்டு வைத்தால் ஆட்டைத் திவசமும் கழிந்துவிடும். தனிக் கணக்கில் நுழைய மறக்காமல் இருப்பதற்குத் தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, ஆடி அமாவாசை, தீபாவளி ஆகிய நான்கு நாட்களையும் குறித்து வைத்திருக்கிறேன். இவற்றுள் எந்த இரண்டுக்கும் இடையில் ஐந்து மாதம் வராது என்பதால், கூகிளின் முன்னறிவிப்பு எழுவதற்கு முன்பே நான் உள்ளே போய் வந்துவிடலாம். கடவுச்சொல்லை எழுதிய தாள் நொத்தாரிசிடம் உள்ள உறைக்குள் இல்லை. அதை அங்கே வைத்தால் இந்த ஏற்பாட்டுக்கே தேவை இல்லாமற்போய்விடும்.